புலம்: பெயர்

உலான்பாத்தரின் வடக்குச் சரிவுக்கு
ஆம்புலன்ஸ் பதிவேடு ஒன்று வேண்டுமென்று
நவம்பரில் என்னைக் கூப்பிட்டார்கள்.
ஜன்னலில் கரிப்புகை அப்பியிருந்தது.
திரையில் பழைய படிவம்:
முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர்,
கதவு எண், தெரு.
எந்த ஊர்க்காரன் அளவுக்குத் தைத்த சட்டையோ,
எங்களில் யாருக்கும் கை நுழையவில்லை.

நடுப்பெயர் எங்களுக்குக் கிடையாது.
குடும்பப்பெயர் கேட்டால் அப்பன் பெயரைச் சொல்வோம்,
அதையும் ஓரெழுத்தாக்கிப் புள்ளி வைப்போம்.
ஒச்சிரின் மகள் செவெல்மா,
ஒ. செவெல்மா, நான்தான்.
பழைய நிரல் புள்ளியைப் பிழையென்று துடைத்து
எழுத்தையும் கூடவே துடைத்திருந்தது.
அப்பா இரண்டாம் தடவை செத்தார்.

எனக்கு முன்னால் இருந்தவர் ஹாம்பர்க் ஆலோசகர்.
எல்லாவற்றையும் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்து
நானூற்றுப் பன்னிரண்டு பேரைக்
குப்பைக் கோப்பில் தள்ளியிருந்தார்.
பெயர்க் கட்டத்தில் "பெயரில்லை" என்றிருந்தது.
சிலதில் "இதல்ல."
ஒன்றில் "மனிதனல்ல."

நெர்குய், எனெபிஷ், ஹுன்பிஷ்.
தொட்டிலில் பிள்ளை தங்காத வீட்டில்
அடுத்த பிள்ளைக்கு வைக்கும் பெயர்கள்.
வாசலில் வந்து நிற்கும் பேய்
காது கொடுத்துக் கேட்டுவிட்டு
இங்கே யாருமில்லையென்று போய்த் தொலையட்டும் என்றுதான்.
பேய் ஏமாந்தது.
ஹாம்பர்க்கும் ஏமாந்தது.

இல்லை என்பது வேறு,
இல்லை என்று பெயர் இருப்பது வேறு.
இதை விதியாக எழுதினேன்.
கணினிக்கு உடனே புரிந்தது,
மேலாளருக்கு வியாழக்கிழமை ஆயிற்று.

முகவரி இன்னும் மோசம்.
எங்கள் வீடு கம்பளிக் கூடாரம், வண்டியேறும்.
மாலையில் கழற்றினால்
மறுநாள் வேறொரு வேலிக்குள் அடுப்பு எரியும்.
பழைய நிரலில் புதுமுகவரி எழுதினால் பழையது அழியும்,
எழுதாவிட்டால் ஆம்புலன்ஸ்
வெறும் வட்டத்தின் முன்னால் போய் நிற்கும்,
புல் முளைக்காத வட்டம்.
ஆளைத் தனியே வைத்தேன், இடத்தைத் தனியே.
நடுவில் மூன்றாவதாக ஓர் அட்டவணை:
எந்நாள் முதல், எந்நாள் வரை.
"வரை" காலியாக இருந்தால்
இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கடைசியில் நீளமாக ஒரு புலம், எந்த விதியும் இல்லாமல்.
"வழி" என்று பெயரிட்டேன்.
ஓட்டுநர்கள் அதில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள்:
"தண்ணீர் விற்கும் குடிலுக்கு மேலே, நீலத் தகர வேலி."
"நீல வேலி ஏழு இருக்கிறது. செத்த லாரி நிற்கும் நீலம்."
"லாரியை விற்றாயிற்று. எண்ணெய்க் கறையைப் பார்."
"பனியில் என்ன கறை? கத்து, நாய் பதில் சொல்லும்."

ஜனவரி, இரவு இரண்டே கால், மைனஸ் முப்பத்தொன்று.
ஒரு பையன் பேசினான்.
அம்மாவுக்கு வலி வந்துவிட்டது,
பெயர் நெர்குய்.
திரையில் ஒன்பது நெர்குய்கள்.
உன் தாத்தா பெயர் என்னடா?
தெரியாது, பார்த்ததில்லை.
பின்னால் மூச்சு வாங்கியபடி ஒரு குரல்
"லுவ்சான்" என்றது.
லு. நெர்குய், இரண்டு பேர்.
ஒருத்தி அக்டோபர் மூன்றோடு இடம் மாறியிருந்தாள்.
இன்னொருத்திக்கு வயது எழுபது.

ஷினெபாயர் வண்டியை மேலேற்றினான்.
கத்தினானாம்.
நாய் பதில் சொன்னதாம்.

விடிந்ததும் புதிய பதிவு வந்தது:
பெண், இரண்டு கிலோ எழுநூறு,
பிறந்த இடம் ஆம்புலன்ஸ், குடிலுக்குக் கீழே.
பெயர்க் கட்டம் காலி.
அம்மா இன்னும் யோசிக்கிறாள் என்று
செவிலி குறிப்பெழுதியிருந்தாள்.
சேமிக்க மாட்டேன் என்று
சிவப்பில் அடம்பிடித்தது என் படிவம்.
நான் வைத்த நட்சத்திரக்குறிதான், "கட்டாயம்."
எடுத்தேன்.
சேமித்தேன்.
தேநீரில் உப்புப் போட்டோமா இல்லையா என்று
ஞாபகமில்லாமல் குடித்தேன்.